பீப்பாய் காலியாகும் வேகம்: லண்டனில் நல்ல பப் தேடுவது

லண்டனில் பப் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிர்ச் சாரியிலேயே ஒன்று நிற்கும். எது தேறும் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் தொங்கும் பூக்கூடைகளைப் பார்த்தோ, பலகையில் எழுதியிருக்கும் ஆண்டைப் பார்த்தோ, இன்ன எழுத்தாளர் இங்கே உட்கார்ந்து குடித்தார் என்ற கதையை நம்பியோ உள்ளே நுழைகிறார்கள். இவையெல்லாம் கட்டடத்தைப் பற்றிய செய்திகள். டம்ளருக்குள் வரப்போவதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. இந்த அத்தியாயம் வேறொரு அளவுகோலைக் கையில் எடுக்கிறது: அந்த பப்பின் நிலவறையில் கிடக்கும் பீப்பாய் எத்தனை நாளில் காலியாகிறது? நிலவறைக்குள் நம்மை யாரும் விடமாட்டார்கள். ஆனால் தெருவிலும் பார் முன்னாலும் நின்றுகொண்டே விடையை ஓரளவு ஊகித்துவிட முடியும்.

காலியாகும் வேகத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பது புரிய அந்த ஊர் பீரின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் பாரம்பரிய பீரான காஸ்க் ஏல் நம் ஊர்க் கள்ளுக்கு நெருங்கிய சொந்தம். நமக்குப் பழக்கமான 650 மில்லி பாட்டில் பீர், ஆலையிலேயே புளிப்பு அடங்கி, அடைபட்டு வருவது. மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். காஸ்க் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பப்புக்கு வந்த பிறகும் அது பீப்பாய்க்குள் நொதித்துக்கொண்டே இருக்கும். பீப்பாயைப் படுக்கை வாட்டில் தாங்கியில் கிடத்தி, அதன் வயிற்றில் இருக்கும் அடைப்பில் ஒரு சின்ன மரமுளையை அடிப்பார்கள். புஸ்ஸென்று வாயு கிளம்பும், முளையைச் சுற்றி நுரை பொங்கும். முதலில் அடிப்பது காற்று கசியும் மெதுமுளை. பொங்குவது அடங்கியதும் அதைப் பிடுங்கிவிட்டு இறுக்கமான முளையை அடிப்பார்கள். ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதன் பிறகு பாரில் இருக்கும் கைப்பம்பால் அதை மேலே இழுக்கிறார்கள். நம் தெருக்களில் தண்ணீர் அடிக்கும் பம்பின் தத்துவமேதான். பீர் வெளியேற வெளியேற அந்த இடத்தை வெளிக்காற்று பிடித்துக்கொள்கிறது. அந்த நொடியிலிருந்து பீருக்கு வயதாகத் தொடங்குகிறது. மூன்று நாளுக்குள் தீர்ந்தால் நல்லது. ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று இழுத்தால் காடி வாடை எட்டிப்பார்க்கும். காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குளிர்ச்சியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்த பீர் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஏசி அறையை விடக் குளிர்ச்சி, ஃப்ரிட்ஜை விட வெதுவெதுப்பு. ‘இங்கிலாந்துக்காரன் சூடான பீர் குடிக்கிறான்’ என்ற கேலி இதிலிருந்து வந்ததுதான். ஐஸ் போலக் குளிர்ந்தால் அதன் மணம் நாக்குக்கு எட்டாது. உண்மையாகவே வெதுவெதுப்பாக வந்தால், அது அந்த பப்பின் கோளாறு.

இனி கணக்குக்கு வருவோம். பெரும்பாலான பப்புகள் வாங்கும் பீப்பாயின் பெயர் ஃபிர்கின். அதில் 9 காலன், அதாவது 72 பைண்ட் பிடிக்கும். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. மூன்று நாளில் தீர வேண்டுமென்றால் ஒரு பம்பிலிருந்து தினம் 24 பைண்ட் போக வேண்டும். ஆறு பம்பு இருந்தால் 144. திங்கட்கிழமை சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் சின்ன பப்பில் எட்டு வகை ஏல் வரிசையாக நின்றால், அது செழிப்பின் அடையாளம் இல்லை. கணக்கு உதைக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே இடத்தில் இரண்டே பம்பு இருந்து, இரண்டிலும் ஆள் மாற்றி ஆள் வாங்கிக்கொண்டிருந்தால் தைரியமாகக் கேட்கலாம். நல்ல லேண்ட்லார்ட் (பப்பை நடத்துபவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வியாபாரம் மந்தமான நாட்களில் 36 பைண்ட் பிடிக்கும் சின்னப் பீப்பாயை வாங்குவார், அல்லது ஒரு பம்பை நிறுத்திவைப்பார். பம்பின் கைப்பிடியில் பீரின் பெயர் எழுதிய சின்னத் தகடு இருக்கும். அது பின்பக்கமாகத் திருப்பியிருந்தால் அந்த பீர் தீர்ந்துவிட்டது, அல்லது இன்னும் தெளியவில்லை என்று பொருள். புதியவர்கள் இதைப் பார்த்து ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று முகம் சுளிப்பதுண்டு. தெளியாததை ஊற்றாமல் காத்திருக்கும் பப், நம்பத் தகுந்த பப். வேறு வழியில்லாமல் பம்பு அதிகமும் கூட்டம் குறைவுமான இடத்தில் மாட்டிக்கொண்டால், விசித்திரப் பெயர்களை விட்டுவிட்டு அந்த வட்டாரத்தார் வழக்கமாகக் கேட்கும் ‘பிட்டர்’ என்ற சாதாரண ஏலைக் கேளுங்கள். வேகமாகப் போவது அதுவாகத்தான் இருக்கும்.

யாருடைய பப் என்பது அடுத்த தடயம். ஆனால் பலரும் நினைப்பது போல அது அத்தனை நேரான தடயம் இல்லை. இங்கிலாந்தில் நெடுங்காலமாக பீர் ஆலைகளே பப்புகளுக்கும் சொந்தக்காரர்கள். ஆலைக்குக் கட்டுப்பட்ட பப் அந்த ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும். 1989-ல் அரசு ஓர் ஆணை போட்டது: 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருக்கும் பெரிய ஆலைகள் தங்கள் பிடியைத் தளர்த்த வேண்டும். போட்டி வளரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. ஆலைகள் கைவிட்ட பப்புகளை, பீரே காய்ச்சாத பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டன. இன்று மத்திய லண்டனில் சிங்கம், கிரீடம், மணி என்று வேறு வேறு பெயர்ப்பலகை மாட்டிய பல பப்புகளுக்கு உள்ளே முதலாளி ஒருவர்தான். மெனு அட்டையை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நேற்று இன்னொரு தெருவில் பார்த்த அதே மீன் வறுவல், அதே எழுத்துருவில். ஆலையின் பெயரும் ஏமாற்றும். சிஸ்விக்கில் 1845 முதல் இருந்துவந்த ஃபுல்லர்ஸ் 2019-ல் தன் பீர் தொழிலை ஜப்பானின் அசாஹிக்கு விற்றுவிட்டுப் பப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. யங்ஸ் 2006-ல் வாண்ட்ஸ்வொர்த் ஆலையை மூடியது. பப்புகள் அதே பெயரில் நடக்கின்றன.

எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத ‘ஃப்ரீ ஹவுஸ்’ பலகையைத் தேடிப் போனால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சுதந்திரமான பப் எங்கிருந்து வேண்டுமானாலும் பீர் வாங்கலாம். அதனாலேயே ஆசை மிஞ்சி, விற்க முடியாத அளவுக்கு வாங்கிக் குவிப்பதும் அங்கேதான் அதிகம். ஆலைக்குக் கட்டுப்பட்ட பப்பில் இரண்டு மூன்று வகைதான் இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் வேகமாகக் காலியாகின்றன. யார் முதலாளி என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தீர்ப்பை மட்டும் பீப்பாயிடம் விட்டுவிடுவது அதைவிட நல்லது.

பீப்பாய் எங்கே வேகமாகக் காலியாகும்? கூட்டம் இருக்கும் இடத்தில் என்பது உடனே தோன்றும் பதில். பாதிதான் சரி. ஒருமுறை வந்து போகிறவர்களின் கூட்டமும், வாரத்துக்கு மூன்று முறை வருகிறவர்களின் கூட்டமும் ஒன்றில்லை. பெரிய ரயில் நிலைய வாசலிலும் சுற்றுலாச் சதுக்கத்திலும் இருக்கும் பப்புக்கு நாளைக்கும் புது ஆள் வருவார். மோசமான பீரைக் குடித்தவர் அதற்குள் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார். பின்தெருப் பப்புக்கு அந்த வசதி கிடையாது. இன்று முகம் சுளித்தவர் நாளையும் அதே தெருவில்தான் நடப்பார். ஆகவே முக்கியத் தெருவிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பெல்கிரேவியா இதற்கு நல்ல பாடம். 1820-களிலிருந்து அந்தப் பகுதியைக் கட்டியபோது சதுக்கங்களைச் சுற்றிப் பிரபுக்களின் வெள்ளை மாளிகைகள் எழுந்தன. அவற்றின் முதுகுப்புறம் ‘மியூஸ்’ எனப்படும் சந்துகளில் குதிரை லாயங்களும், வண்டிக்காரர்களும் வேலையாட்களும் குடியிருந்த அறைகளும் வந்தன. பப்புகளையும் எஜமானர் கண்ணில் படாமல் அந்தச் சந்துகளுக்குள் தள்ளினார்கள். இன்று லாயங்களில் கோடீஸ்வரர்கள் குடியிருக்கிறார்கள். பப் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. பெல்கிரேவ் மியூஸ் வெஸ்டில் இருக்கும் ஸ்டார் டேவர்ன் அப்படிப்பட்டது. 1971-ல் தொடங்கிய நல்ல பீருக்கான நுகர்வோர் இயக்கமான கேம்ரா 1974 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் வழிகாட்டியில், பல பத்தாண்டுகள் ஓர் ஆண்டுகூட விடாமல் இடம்பிடித்த பப் அது. 1963-ன் பிரபல ரயில் கொள்ளைக்கு இங்கே உட்கார்ந்துதான் திட்டம் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. பீரின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அக்கம்பக்கத்தார் தங்கள் பப்பை எந்த அளவுக்குச் சொந்தமாக நினைக்கிறார்கள் என்பதற்கு இரண்டு சாட்சிகள். நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் விற்பனைக்கு வந்தபோது, 2011-ன் உள்ளாட்சிச் சட்டத்தைப் பயன்படுத்தி அதைச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்து, அந்தப் பகுதி மக்களே பங்கு போட்டு வாங்கி 2013-ல் திறந்தார்கள். இன்னொன்று இன்னும் சுவாரஸ்யம். கில்பர்ன் பக்கம் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பை 2015-ல் உரிமையாளர் அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார். ஊர்க்காரர்கள் விடவில்லை. முன்பிருந்தது போலவே திரும்பக் கட்டு என்று உத்தரவாயிற்று. ஓடும் செங்கல்லுமாக அதே தோற்றத்தில் எழுந்து 2021-ல் மறுபடி திறந்தது. இப்படிப்பட்ட ஆட்கள் கெட்டுப்போன பீரைப் பேசாமல் விழுங்கிவிட்டுப் போகமாட்டார்கள். பின்தெருவை நம்புவதற்கு அதுதான் காரணம்.

இந்த வாதத்தை உடைக்க ஒரே ஒரு பப் போதும் என்று தோன்றலாம். கோவென்ட் கார்டனை ஒட்டி, டிராஃபல்கர் சதுக்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில், சாண்டோஸ் பிளேஸில் இருக்கிறது ஹார்ப். சுற்றுலாக் கூட்டத்தின் நட்டநடு. ஆனாலும் 2010-க்கான கேம்ராவின் தேசிய அளவிலான சிறந்த பப் விருதை அதுதான் வாங்கியது. உற்றுப் பார்த்தால் இது விதிவிலக்கே இல்லை. குறுகலான அறை, நீளமான பார், மாலையில் நடைபாதை வரை வழியும் கூட்டம். அந்த நெரிசலுக்கு எத்தனை பம்பு வைத்தாலும் பீப்பாய் தங்காது. பின்தெரு என்பது வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி மட்டுமே. வேகம் வேறு வழியில் கிடைத்தால் தெருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அவ்வளவு தூரம் போய்ப் பழம்பெரும் பப்புகளைப் பார்க்காமல் வருவதா என்ற ஆதங்கம் நியாயமானது. பாருங்கள். 1666 பெருந்தீக்கு மறு ஆண்டு திரும்பக் கட்டிய ஃப்ளீட் ஸ்ட்ரீட்டின் செஷயர் சீஸ், மாடத் தாழ்வாரங்களோடு எஞ்சி நிற்கும் சதர்க்கின் ஜார்ஜ் இன், துறவிகளின் சிற்பங்கள் சுவரெங்கும் நிறைந்த பிளாக்ஃபிரையர் மூன்றும் பார்க்க வேண்டியவையே. ஹோபர்னில் பிரின்சஸ் லூயிஸை விட்டுவிடக் கூடாது. விக்டோரியா காலத்துச் செதுக்குக் கண்ணாடித் தடுப்புகளால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த உட்புறம். ஆண்கள் கழிப்பறையின் பீங்கான் வேலைப்பாடுகூடப் பாதுகாக்கப்பட்டது. லாம்ஸ் காண்டிட் ஸ்ட்ரீட்டின் லாம் பப்பில் பாருக்கு மேல் கண் மட்டத்தில் சுழலும் சின்னக் கண்ணாடிக் கதவுகளைக் காணலாம். குடிக்கிற கனவான் தன் முகத்தை ஊற்றுகிறவனுக்குக் காட்டாமலே டம்ளரை வாங்கிக்கொள்ள அந்த ஏற்பாடு. முழங்கையால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தால் அந்தக் காலத்து வர்க்க பேதம் ஒரு கீலில் சுழல்வதைப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் பிற்பகல் மூன்று மணிவாக்கில் போய் அரைப் பைண்டோடு கட்டடத்தை ரசித்துவிட்டு வரலாம். அழகும் நல்ல பீரும் ஒரே இடத்தில் அமைவதும் உண்டு. அழகு இருக்கிறது என்பதாலேயே பீரும் நன்றாக இருக்கும் என்று முடிவு கட்டினால்தான் வம்பு.

கையில் போன் இருக்கும்போது எதற்கு இத்தனை துப்பறிதல் என்று அடுத்த கேள்வி வரும். போனில் கிடைக்கும் நட்சத்திரங்கள் உருளைக்கிழங்கு வறுவலுக்கும், ஆற்றங்கரைக் காட்சிக்கும், பணியாளரின் புன்னகைக்கும் சேர்த்துப் போட்டவை. அதிலும் ஒருமுறை வந்தவர் ஒருமுறை போட்டது. பீப்பாயோ மூன்று நாளைக்கு ஒருமுறை மாறுவது. போன மாதத்து நட்சத்திரம் இன்றைய பீப்பாயைப் பற்றி என்ன சொல்லும்? கேம்ராவின் வழிகாட்டிக்குக் கூடுதல் மதிப்பு தருவதற்குக் காரணம், அந்தந்த வட்டாரத்து உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. வாசலில் ‘காஸ்க் மார்க்’ என்ற தகடு இருந்தாலும் கவனியுங்கள். வெப்பநிலை, தெளிவு, மணம், சுவை நான்கையும் சோதித்துத் தரும் சான்று அது. போனைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

‘எனக்கு ஏல் பிடிக்காது, லாகர்தான் குடிப்பேன்’ என்பவருக்கும் இந்த அளவுகோல் பயன்படும். லாகர் ‘கெக்’ எனும் அடைபட்ட பீப்பாயிலிருந்து வாயு அழுத்தத்தில் வருவதால் சீக்கிரம் கெடாது. ஆனால் அதுவும் நிலவறையிலிருந்து குழாய் வழியாகத்தான் மேலே வருகிறது. அந்தக் குழாயை ஒழுங்காகக் கழுவாவிட்டால் லாகரும் நாறும். ஏலை அக்கறையோடு பார்த்துக்கொள்கிறவர் குழாயையும் கழுவுவார். காக்டெயில் பிரியர்களுக்கு இந்த அத்தியாயத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பல ஏல்களைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்க்கிறார்கள். அது வண்டலோடு அடியில் தங்கிவிடும் என்றாலும் மனம் ஒப்பாதவர்கள் ‘வீகன்’ என்று குறித்த பீரைக் கேட்கலாம். பெர்மண்ட்சியின் ரயில்வே வளைவுகளுக்கு அடியில், 2009-ல் தொடங்கிய கெர்னல் போன்ற சிற்றாலைகளின் பீர் பல சமயம் கலங்கலாகவே வரும். அங்கே அது குறையில்லை. குடிக்காதவரும் கூடவே தாராளமாக வரலாம். சோடாவில் எலுமிச்சைச் சாறு கலந்து கேட்டால் யாரும் ஏற இறங்கப் பார்க்கமாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். டாஸ்மாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு தயங்கவேண்டியதில்லை. பல பப்புகளில் பாட்டியும், கைக்குழந்தையும், மேசைக்கடியில் நாயும் இருக்கும்.

பாரில் நடந்துகொள்ளும் முறை சுலபம். மேசையில் உட்கார்ந்து ஆள் வருவார் என்று காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும். பாருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே காசு கொடுத்துவிட்டு டம்ளரோடு திரும்ப வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. உங்களுக்கு முன் வந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பணத்தை ஆட்டிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் ருசி பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சின்ன டம்ளரில் ஊற்றித் தருவார்கள். அரைப் பைண்ட் வாங்குவது கஞ்சத்தனம் ஆகாது, இரண்டு வகையை ருசிக்க அதுதான் வழி. நம்மூர் ஸ்ட்ராங் பீரைப் பழகியவருக்கு 4 சதவீத பிட்டர் தண்ணீராகத் தோன்றலாம். உட்கார்ந்து நெடுநேரம் பேசுவதற்கென்றே அந்த அளவு. வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், மோந்து பாருங்கள். காடி வாடை அடித்தாலோ, தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தாலோ ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் திருப்பிக் கொடுத்து, ‘இதைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா’ என்று கேட்டால் போதும். நல்ல பப்பில் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்து, அந்தப் பம்பின் தகட்டையும் திருப்பிவிடுவார்கள். பாதி டம்ளரைக் காலி செய்துவிட்டுப் புகார் சொல்வது மட்டும் எடுபடாது. கடை திறந்ததும் முதல் ஆளாகப் போகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரவெல்லாம் குழாயில் தங்கிய பீரை இழுத்துக் கொட்டாமல் ஊற்றிவிட்டால், அது அவர் டம்ளரில்தான் விழும்.

நேரமும் நாளும் பார்த்துப் போக வேண்டும். வங்கிகள் நிறைந்த ‘சிட்டி’ பகுதியில் வியாழக்கிழமை மாலை நிற்க இடமிருக்காது. சனி, ஞாயிறில் பல பப்புகள் பூட்டியே கிடக்கும். வாரக் கடைசியில் வந்திறங்குகிறவர் அங்கே அறை எடுத்தால் வெறிச்சோடிய தெருவில் நடக்க வேண்டியதுதான். அவர் குடியிருப்புப் பகுதிகளுக்குப் போவது உத்தமம். மூன்று இரவுதான் தங்கல் என்றால் மூன்று இரவும் ஊரைச் சுற்றாமல், தங்குமிடத்துக்கு நடை தூரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை போய்ப் பாருங்கள். முதல் நாள் பார்த்த தகடு மூன்றாம் நாள் மாறியிருந்தால் பீப்பாய் ஓடுகிறது. 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நேரக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் விடாமல் பல பப்புகள் இரவு 11 மணிக்கே மூடுகின்றன. அதற்குச் சற்று முன் பாரில் மணி அடிக்கும். கடைசியாக எதுவும் வேண்டுமா என்று பொருள். இரண்டாம் முறை அடித்துவிட்டால் கெஞ்சினாலும் ஊற்றமாட்டார்கள். கையிலிருப்பதை நிதானமாக முடித்துவிட்டு, காலி டம்ளரை மேசையில் விடாமல் எடுத்துப் போய்ப் பாரில் வையுங்கள். மறுநாள் நீங்கள் உள்ளே வரும்போது அவர்களுக்கு ஆளை அடையாளம் தெரியும்.